பாஞ்சாலங்குறிச்சி விழாவில் விடுபட்டவர்கள்

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சி சின்ன ஊர்தான். மே மாதம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா வந்துவிட்டால் ஊர் கொள்ளாத கூட்டம். பல ஊர் இளைஞர்கள் ஜோதியை ஏந்தி ஓட்டமாகவே வந்து சேர்கிறார்கள். அம்மன் வழிபாடும் கட்டபொம்மன் நினைவும் ஒன்றாகிப்போன விழா இது.

இதன் பெருமை சாதாரணமானதல்ல. 1801இல் கட்டபொம்மனின் கோட்டையைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைத் தரைமட்டமாக்கியது. இப்போதுள்ள நினைவுக் கோட்டை 1974இல் அரசு கட்டியது. இடைப்பட்ட காலம் முழுவதும் இந்த வரலாற்றைச் சுமந்தவர்கள் வீரசக்கதேவியான சக்கம்மாவைக் கைவிடாத குடும்பங்களும், கட்டபொம்மு கதையை ஊர் ஊராகப் பாடியவர்களும். அந்தப் பாடல்களைத்தான் பின்னாளில் நா. வானமாமலை பதிப்பித்தார். வெற்றி பெற்றவன் அழிக்க நினைத்ததை எளிய மக்கள் காத்தார்கள். இதற்கு ஈடான ஆவணக்காப்பகம் நம்மிடம் இல்லை.

ஆனால் விழா மேடைகளில், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 பெறும் இடத்தை 1801 பெறுவதில்லை. ஊரே சேர்ந்து நடத்திய போர் அதுதான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி வந்ததும், 1799 போருக்குப் பின் இடிக்கப்பட்டிருந்த கோட்டையை மக்கள் சில நாட்களில் மண்ணால் எழுப்பினார்கள். மார்ச்சில் வந்த தாக்குதலை முறியடித்தார்கள். மே 24 வரை கோட்டை நின்றது.

முற்றுகையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி வெல்ஷ் தம் நூலில் ஒரு தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். குற்றுயிராகக் கிடந்த மகனைத் தேடிக் கண்டெடுக்கிறாள். என்னை விடு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான் மகன். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் செல்கிறாள். கம்பெனி பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடலைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்துவிட்டதாகப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் கிட்டே நெருங்கவில்லை. அந்தத் தாயின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு குறை வேதனையானது. கட்டபொம்மனின் தளபதிகளில் சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் மணிமண்டபம், வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டில் மணிமண்டபம். ஒரே கோட்டைக்காக உயிர் கொடுத்தவர்களை இன்று சாதிக்கொருவராகப் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். விழா நெருங்கினால் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்நியனை எதிர்த்து ஒன்றாக நின்றவர்களின் விழாவுக்குப் போலீஸ் காவல் தேவைப்படுவது நமக்கு வெட்கக்கேடு. அதற்காக விழாவைச் சுருக்கச் சொல்வது தவறு; விரிக்க வேண்டும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ஜோதி கவர்னகிரிக்கும் வல்லநாட்டுக்கும் போய்விட்டு வரட்டும். இரவில் கட்டபொம்மு கூத்தை முழுமையாக நடத்துங்கள். அந்தத் தாய்க்காகக் கோயில் வாசலில் ஒரு விளக்கு ஏற்றுங்கள்.