மதிப்பீட்டு மென்பொருளும் தமிழ்த் தேர்வும்: ஹாட் பொட்டேட்டோஸை முன்வைத்து ஒரு நோக்கு

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டபின், மாணவரின் மொழித்திறனை அளக்கும் பொறுப்பு வகுப்பாசிரியரையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒரே வினாத் தொகுப்பிலிருந்து அச்சுத்தாளையும் இணையப் பயிற்சியையும் உருவாக்கித் தரும் மென்பொருள்கள் இந்நிலையில் பெருந்துணையாகத் தோன்றுகின்றன. அவை தமிழின் இயல்புக்கு எந்த அளவு இயைகின்றன என்பது ஆராயத்தக்கது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹாட் பொட்டேட்டோஸ் இவ்வகை மென்பொருள்களுள் ஒன்று. பல்தெரிவு, இடம் நிரப்புதல், பொருத்துதல், குறுக்கெழுத்து, சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியமாக்குதல் ஆகியவற்றை நிரலறிவு இல்லாதவரும் இதனால் அமைக்கலாம். ஒருங்குறியை ஏற்பதால் தமிழிலும் வினாக்களை எழுதலாம். இவை இதன் சிறப்புகள்.

எனினும், வாக்கியமாக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். இன்று, கண்ணன், கடைக்கு, சென்றான் என்னும் நான்கு சொற்களில் வினைமுற்றை இறுதியில் நிறுத்தினாலும் ஆறு வரிசைகள் அமையும். ஆறும் பொருள் தருவனவே. ஆனால் அவற்றில் ‘கடைக்குச் சென்றான்’, ‘கடைக்குக் கண்ணன்’, ‘கடைக்கு இன்று’ எனச் சொல்லின் வடிவம் மாறுகிறது. ஒற்றுடன் ‘கடைக்குச்’ என்று கொடுத்தால் விடை வெளிப்பட்டுவிடும். ஒற்றின்றிக் கொடுத்தால் பிழையான வாக்கியத்தையே சரியென ஏற்க நேரும். மாற்று விடைகளைச் சேர்க்க மென்பொருள் இடந்தருகிறது. ஆயினும், சொல்வரிசையாலன்றிப் புணர்ச்சியால் எழும் இச்சிக்கலை அவ்வசதி தீர்ப்பதில்லை.

பல்தெரிவிலும் இதே நிலை காணப்படுகிறது. ‘கபிலன் நூலகத்திற்குச் ______’ என்னும் வினாவிற்குச் சென்றான், வந்தான், ஓடினான், போனான் என விடைகள் தரப்பட்டால், சகர ஒற்றே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளறியா மாணவனும் மதிப்பெண் பெறுவான். இது மென்பொருளின் குறையன்று, வினாவமைப்பாளரின் கவனக்குறைவு. ஆனால் வார்ப்புருவில் சொற்களை இட்டு நிரப்பும் விரைவு, இக்கவனத்தைக் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது சிக்கல் எழுத்துக் குறியீட்டைச் சார்ந்தது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ‘ெ’, ‘ா’ என்னும் இரு குறிகளாகவும் உள்ளிட இயலும். திரையில் வேறுபாடு தோன்றாது. ஒப்பிடுமுன் அவற்றை ஒருமைப்படுத்தாத எந்த மென்பொருளும், சரியாக விடையளித்த மாணவனைத் தவறெனத் தள்ளிவிடக்கூடும். அச்சுத்தாளைத் திருத்தும் ஆசிரியரிடம் இவ்வநீதி நிகழாது. எனவே, ஒரே வினாவாயினும் தாளிலும் திரையிலும் அது ஒரே தேர்வாக அமைவதில்லை.

இவற்றினும் கவலைக்குரியது வேறொன்று. கருவி திருத்தக்கூடியதையே கேட்கும் பழக்கம் வேரூன்றினால், கட்டுரையாக்கமும் வாக்கிய அமைப்பும் புணர்ச்சியறிவும் தேர்விலிருந்து விலகும்; தேர்விலிருந்து விலகுவன நாளடைவில் கற்பித்தலிலிருந்தும் விலகும். ஆகவே, சொல்லறிவையும் வாசிப்புப் புரிதலையும் விரைந்து அறிய இம்மென்பொருளைப் பயன்படுத்தலாம். எழுத்துத்திறனை அளக்கும் பணி ஆசிரியரின் கையிலேயே இருத்தல் வேண்டும். ‘தவறு’ எனக் கருவி காட்டும் விடைகளை ஆசிரியர் ஒருமுறையேனும் நேரில் படித்த பின்னரே மதிப்பெண்ணைப் பதிதல் நன்று.