செயற்கை என்னும் சொல்

இயற்கையாய் அமையாத எதையும் ஆங்கிலத்தார் 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பர். நாம் 'செயற்கை' என்கிறோம். இன்று இச்சொல்லை உச்சரிக்கும்போதே அதில் ஓர் இகழ்ச்சி ஏறிவிடுகிறது. ஒருவருடைய சிரிப்பைச் செயற்கைச் சிரிப்பு என்றால் அது புகழ்ச்சியன்று. இவ்விகழ்ச்சி இச்சொல்லுக்கு உரியதுதானா?

இதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ஆர்ஸ்' என்பது கலைத்திறன். 'ஃபாக்கெரே' என்பது செய்தல். இவ்விரண்டும் கூடிப் பிறந்த 'ஆர்ட்டிஃபெக்ஸ்' என்னும் சொல் கைவினைஞரைக் குறிக்கும். ஆபிரகாம் எதிர்நோக்கிய நகரை அமைத்தவர் கடவுளே எனக் கூறும் எபிரேயர் திருமுகம் 11:10இல், இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பு கடவுளையே 'ஆர்ட்டிஃபெக்ஸ்' என்றழைக்கிறது. சாலமோனின் ஞானம் 7ஆம் அதிகாரத்தில் ஞானத்திற்கும் அதே பெயர். ஷேக்ஸ்பியரும் 'நடுக்கோடை இரவுக் கனவு' நாடகத்தில், ஊசியால் ஒரு பூவைச் சேர்ந்து தைத்த தோழியர் இருவரைப் படைக்கும் தெய்வங்களுக்கு ஒப்பிடுகையில் இவ்வடையையே வழங்குகிறார். அங்கே அதன் பொருள் போலி அன்று, கைத்திறன்.

'ஒன்றைப் போலச் செய்தது' என்னும் பொருள் மேலோங்கியபோதே இகழ்ச்சியும் உடன் வந்தது. ஆயினும் செயற்கை வேறு, பொய்ம்மை வேறு. செயற்கை ஒளி மெய்யான ஒளியே. அதன் கீழ் மறைநூலை வாசிக்கலாம். ஆய்வுக்கூடத்தில் விளைந்த வைரமும் வைரமே. கண்ணாடிக் கல்லை வைரமென்று விற்பதுதான் பொய். 1968இல் உருவான ஜெய்ப்பூர் செயற்கைக் காலை அணிந்து வயலில் இறங்கி உழைப்பவரிடம் அதைப் போலி என்று எவரேனும் கூறத் துணிவரோ? செயற்கைச் சிரிப்பை நாம் வெறுப்பது, அது செய்யப்பட்டது என்பதால் அன்று. இல்லாத அன்பை உண்டெனக் காட்டுவதால்.

திருப்பலியை எண்ணிப் பார்ப்போம். பீடத்தில் நாம் வைப்பது கோதுமை மணியன்று, அப்பம். திராட்சைக் கனியன்று, இரசம். நிலத்தின் விளைவோடு மனித உழைப்பும் கலந்த பொருளையே இறைவன் ஏற்கிறார். செயற்கை இழிந்ததெனின், காணிக்கைப் பவனி எதற்கு?

1955இல் ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞர்கள், மறு ஆண்டு டார்ட்மத் கல்லூரியில் நடக்கவிருந்த ஆய்வுக்கூட்டத்திற்கான முன்வரைவில் 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயரை வழங்கினர். இப்பெயர் இன்று சிலரை அஞ்சவும் சிலரை வணங்கவும் வைக்கிறது. 2025 சனவரியில் உரோமை வெளியிட்ட 'ஆன்டிக்வா எட் நோவா' என்னும் ஏடு, அதனை மனித அறிவின் மற்றொரு வடிவமாகக் கொள்ளாது, மனித அறிவு ஈன்ற விளைபொருளாகவே கொள்ள வேண்டும் என்கிறது. செய்த பொருளைக் காண்பவர் செய்தவரையும் காண வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

தொல்காப்பியம் இவ்வுண்மையை இலக்கணமாகவே வகுத்துள்ளது. இயற்கைப் பொருளை 'இத்தன்மைத்து' எனக் கூறினால் போதும். செயற்கைப் பொருளையோ 'ஆயிற்று' என்னும் ஆக்கச் சொல்லோடு, காரணத்தை முன்வைத்துக் கூற வேண்டும். மாவு புளித்தமையால் அப்பம் மென்மையாயிற்று என்பது போல. ஆகவே, ஒரு பொருளைச் செயற்கை என்று தள்ளுமுன், செய்தவர் யார், எதன்பொருட்டுச் செய்தார் எனக் கேட்போம். அன்பின்பொருட்டுச் செய்யப்பட்டதாயின், அது அந்த முதற் கைவினைஞரின் பணியில் பங்குபெற்றதே ஆகும்.