கோப்பில் ஏறாத வீரம்

1999 ஆகஸ்ட். கார்கில் போர் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. டைகர் ஹில் சிகரத்தின் செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பற்றி ஏறிய 18ஆவது கிரெனடியர்ஸ் படைப்பிரிவு வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு, நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருதான பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. ‘மரணத்துக்குப் பின்’ என்ற குறிப்போடு. ஆனால் அந்த 19 வயது இளைஞர் உடம்பெங்கும் குண்டுக் காயங்களோடு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர் போரில் இறந்திருந்ததால் வந்த குழப்பம் அது.

பிழை திருத்தப்பட்டது. விருதை அவரே பெற்றுக்கொண்டார்.

ஆனாலும் அந்தக் குழப்பம் விருது முறையின் உள்கட்டமைப்பை ஒரு நொடி வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. பதக்கத்தை முடிவுசெய்பவர்கள் களத்தைப் பார்த்தவர்கள் அல்லர். களத்தைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தைப் பார்ப்பவர்கள். நடந்ததை யாராவது கண்ணால் கண்டிருக்க வேண்டும், மேலதிகாரி அதை எழுத வேண்டும், அந்தக் கோப்பு படிப்படியாக மேலேறி டெல்லி போய்ச் சேர வேண்டும். இந்திய வீரதீர விருதுகளின் நம்பகத்தன்மை அந்தக் கோப்பில் இருக்கிறது. ஓட்டையும் அதிலேயே இருக்கிறது.

இந்த விருதுகள் இரண்டு வரிசைகளாக அமைந்தவை. எதிரிக்கு நேர் நின்று காட்டும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா என மூன்று விருதுகள் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டன. போர்க்களத்துக்கு வெளியே உயிரைப் பணயம் வைப்போருக்காக 1952இல் அசோக சக்ரா மூன்று வகுப்புகளாக வந்தது. 1967இல் அவை அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று பெயர் மாறின. சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்தியராகவே வாழ்ந்த சாவித்திரி கானோல்கர்தான் பரம்வீர் சக்ராவை வடிவமைத்தவர்.

அசோக சக்ராவை அருகிலிருந்து பார்த்தால் அதன் இலக்கணம் புரியும். பொன்முலாம் பூசிய சிறு வட்டம். நடுவே அசோகச் சக்கரம், அதைச் சுற்றித் தாமரை வளையம். பச்சை ரிப்பனின் நடுவில் ஒற்றைக் காவிக் கோடு. கீர்த்தி சக்ராவின் ரிப்பனில் கோடு இரண்டு, சௌர்ய சக்ராவில் மூன்று. கோடு கூடக் கூட விருது ஒரு படி இறங்கும்.

இந்த இரண்டாவது வரிசையின் பெரும் சிறப்பு, அது சீருடை கேட்பதில்லை என்பது. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் பான் ஆம் 73 விமானம் கடத்தப்பட்டபோது, பயணிகளைக் காக்க நின்று உயிர் விட்ட நீர்ஜா பானோட் ஒரு விமானப் பணிப்பெண். 23ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் மட்டுமே பாக்கி இருந்தது. அசோக சக்ரா பெற்ற முதல் பெண் அவர். 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலில் இறந்தவர்களில் மூவருக்கு இதே விருது கிடைத்தது: மத்திய ரிசர்வ் போலீஸ் படைக் காவலர் கமலேஷ் குமாரி, நாடாளுமன்றப் பாதுகாப்பு ஊழியர்களான ஜெகதீஷ் பிரசாத் யாதவ், மாத்பர் சிங் நேகி. கமலேஷ் குமாரியின் கையில் இருந்தது வாக்கி டாக்கி மட்டுமே. வந்தவர்கள் யார் என்று புரிந்ததும் அவர் எழுப்பிய கூக்குரல்தான் மற்றவர்களை உஷார்ப்படுத்தியது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில், தீவிரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றிக்கொண்டு குண்டுகளைத் தன் உடலில் வாங்கிய துக்காராம் ஓம்ப்ளே ஓர் உதவி சார் ஆய்வாளர். அதே தாக்குதலில் இறந்த ராணுவ மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனுக்கும் அவருக்கும் கிடைத்தது ஒரே பதக்கம்.

இது சாதாரணமாக வந்துவிட்ட சமத்துவம் இல்லை. பிரிட்டனில் 1993 வரை ஒரே களத்தில் ஒரே வீரம் காட்டினாலும் அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல் என்று தனித்தனியாகத்தான் தந்தார்கள். சுதந்திர இந்தியா அந்தப் பாகுபாட்டைத் தொடக்கத்திலேயே ஒதுக்கித் தள்ளியது. சிக்கனத்திலும் உறுதி காட்டியது. இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேர் உயிரோடு திரும்பவில்லை. தாராளமாக வாரி வழங்கியிருந்தால் இந்த விருதின் பெயரைச் சொன்னதும் ஒரு நாடு எழுந்து நிற்காது.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை பணத்தில் தெரிகிறது. அசோக சக்ரா, பரம்வீர் சக்ராவுக்கு இணையான விருது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2017இல் மாதப் படி உயர்த்தப்பட்டபோது பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாயும் அசோக சக்ராவுக்கு 12,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. எதிரி எல்லைக்கு அப்பாலிருந்து வந்தானா, உள்ளிருந்து வந்தானா என்பதைப் பார்த்துத் தோட்டா வலியைக் குறைத்துக்கொள்வதில்லை. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு மோதி இறந்த சென்னை மேஜர் முகுந்த் வரதராஜனை, ‘அமரன்’ படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. 2015 குடியரசு தினத்தில் அவருடைய மனைவி குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றது அசோக சக்ரா. அவர் களத்தில் நின்ற நிமிடங்களைப் போர்க்கள நிமிடங்களைவிடக் குறைவாக மதிப்பிட எந்த நியாயமும் கிடையாது. மாநில அரசுகள் தரும் ரொக்கப் பரிசிலும் பெரும் வேறுபாடு உண்டு. ஒரே விருதைப் பெற்ற இருவரில் ஒருவருடைய குடும்பம் பெறும் தொகை, அது எந்த மாநிலத்துக் குடும்பம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இரண்டாவது குறை இதைவிடக் கசப்பானது. விருது பெருமையையும் பதவி உயர்வுக்கான மதிப்பையும் சேர்த்துத் தரும்போது, சிலருக்குக் கோப்பை உருவாக்கும் ஆசை வந்துவிடுகிறது. அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் 2003இல் நடந்தது அதன் உச்சம். பொதுமக்கள் சிலர் மீது தக்காளி சாஸைப் பூசிப் படுக்கவைத்து, கொல்லப்பட்ட தீவிரவாதிகள் என்று படமெடுத்துக் கணக்குக் காட்டியதாக ஒரு கர்னல் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே எவரும் சாகவில்லை என்பது ஆறுதல். ஆனால் கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையை வீரத்தின் அளவுகோலாக வைத்தால், பொய்க் கணக்கு எழுதும் கை எங்காவது முளைக்கவே செய்யும். பிடிபட்ட மோசடி இது. இதற்குப் பிறகாவது, சொந்தப் படைப்பிரிவுக்கு வெளியே உள்ளவர்கள் ஒவ்வொரு பரிந்துரையையும் சரிபார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவது சிக்கலைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்தார். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டவர். இந்திய அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். 1987 முதல் 1990 வரை அந்தப் படை 1,100க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அதே 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் அதே படையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். ஒரு பதக்கம் தனிமனிதனின் துணிவுக்குச் சான்று சொல்லலாம். அவன் அனுப்பப்பட்ட போரின் நியாயத்துக்கு அது சான்றாகாது. இந்த எல்லைக்கோட்டை அழித்து, பதக்கத்தைக் காட்டிப் போர் முழுவதையும் நியாயப்படுத்தும்போது, வீரனுக்கும் பாதிக்கப்பட்டவனுக்கும் ஒருசேர அநீதி இழைக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கோப்பு எழுத மேலதிகாரியே இல்லாதவர்களின் கதி. உத்தரகாண்டில் 2023 நவம்பர் 12, தீபாவளி நாளில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். 17ஆம் நாள், அமெரிக்க ஆகர் இயந்திரம் இடிபாடுகளுக்குள் உடைந்து நின்றபின், ‘எலிவளை’ முறையில் தோண்டும் 12 தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கடைசி சில மீட்டர்களைக் கையால் குடைந்தார்கள். மேகாலயா நிலக்கரிச் சுரங்கங்களில் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடைசெய்த, உயிரைக் குடிக்கும் அதே முறைதான். 41 பேரும் உயிரோடு வந்தார்கள். மாநில அரசு தோண்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க் காசோலை கொடுத்தது. இதே வேலையை ராணுவப் பொறியாளர் பிரிவு செய்திருந்தால் அதன் தளபதி பாராட்டுரை எழுதியிருப்பார். கூலிக்கு வந்தவர்களுக்கு அப்படி எழுதுவதைக் கடமையாகக் கொண்ட அதிகாரி எவரும் கிடையாது.

பொதுமக்கள் உயிர் காப்பதைப் போற்ற 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது. ஆற்றில் விழுந்த குழந்தையை மீட்டவர், தீயில் புகுந்தவர் எனப் பலர் பெற்ற நல்ல விருது அது. ஆனால் பரிந்துரை வழக்கமாக மாநில அரசுகள், மத்திய அமைச்சகங்கள் வழியாகவே போக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் யாரோ நினைவு வைத்திருந்தால் உண்டு.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதில் இரு பாடங்கள் உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது களத்துக்குப் போனவர்களுக்காக பிரிட்டன் 2015இல் ஒரு பதக்கத்தை உருவாக்கியது. 3,000க்கும் மேற்பட்டோருக்கு என்று அறிவிக்கப்பட்ட அந்தப் பதக்கத்தில் சிப்பாய்க்கும் செவிலியருக்கும் வேறுபாடு கிடையாது. ஆபத்து நிறைந்த இடத்தில் இத்தனை நாள் பணி என்பதே தகுதி. ஒரு கணத்துச் சாகசத்தை யாராவது பார்த்து எழுதத் தேவையில்லை. அதே பிரிட்டன், 1952 முதல் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக்கிலும் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் நிறுத்திவைத்த படையினரையும் சிவில் ஊழியர்களையும் 2022 நவம்பரில்தான் பதக்கத்துக்கு உரியவர்களாக ஏற்றது. இடையில் 70 ஆண்டுகள் ஓடிவிட்டன. பலருக்காக அதைப் பெற்றுக்கொண்டவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

தமிழ் மரபில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஆநிரை கவரும் சண்டையில் மாண்டவனுக்கும் புலியோடு பொருது இறந்தவனுக்கும் ஊர்கள் நடுகல் எழுப்பின. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, திருடர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. அங்கே கண்டவர்களே சாட்சி. அவர்கள் சொன்னதே பாராட்டுரை.

இன்றைய அரசிடமும் அந்தக் கதவு இருக்கிறது. பத்ம விருதுகளுக்கு யாரும் யாரையும் இணையம் வழியாகப் பரிந்துரைக்கலாம். அதே வசதி அசோக சக்ரா வரிசைக்கும் வர வேண்டும். வந்தால், குழாய்க்குள் தவழ்ந்தவனைப் பற்றி மீண்டு வந்த 41 பேரும் எழுதலாம். பரம்வீர் சக்ராவுக்கும் அசோக சக்ராவுக்கும் மாதப் படி ஒன்றாக வேண்டும். ஆபத்தான பணியில் நெடுநாள் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சீருடைக்காரருக்கும் பொதுவான ஒரு பணிப்பதக்கம் வேண்டும். 1952இல் அசோக சக்ராவே குடியரசுத் தலைவரின் அறிவிக்கையால் பிறந்த விருதுதான். இந்த மாற்றங்களுக்கும் அரசாணைகள் போதும்.