தேர் நிலைக்கு வர வேண்டும்

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற முதியோர் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அது பெரியவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கவில்லை. வகுப்பே தெருவுக்குப் போனது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஊதியம் வாங்காத ஊர் இளைஞர்கள் என எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், கொரோனாவால் படிப்பை இழந்த குழந்தைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் வந்தது. இரண்டுமே ஊரை நம்பி நடந்தவை. அந்த நம்பிக்கை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று இப்போதாவது கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் பலன், கூச்சம் விலகியது. நாற்பது வயதில் 'அ' எழுதக் கூசும் கை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்தால் எழுதிவிடும். அறிவொளி எழுத்தோடு நிற்கவுமில்லை. புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். எழுதப் படிக்கத் தெரிவது என்பது துணைக்கு ஆள் தேடாமல் வெளியே போய்வருவதும்தான் என்பதை எந்தப் பாடநூலையும்விட அந்தச் சைக்கிள் தெளிவாகச் சொன்னது.

இரண்டாவது பலன், கற்றலிலேயே தெரிந்தது. தமிழகக் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாகவும் கண்டது. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வீட்டுத் திண்ணையில் நடந்த வகுப்புக்கு இது பெரிய சாதனை.

குறைகளும் ஊரை நம்பிய இதே வேரிலிருந்துதான் முளைக்கின்றன. அறிவொளியின் அடிப்படைப் பாடம் மூன்று நூல்கள், சுமார் 200 மணி நேரம். அதற்குப் பிறகு படிக்க என்ன இருந்தது? தொடர்கல்வி மெலிந்தது, புழங்காத எழுத்து கையை விட்டுப் போனது. 1991-இல் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 51 சதவீதம், 2011-இல் 73. வளர்ச்சி உண்மை. ஆனால் பெண்களில் கால் பங்குக்கு மேற்பட்டோர் அப்போதும் எழுத்தறிவுக்கு வெளியே நின்றார்கள் என்பதும் உண்மை.

அடுத்த குறை உழைப்பைப் பற்றியது. இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. பேரிடர் காலத்தில் ஊர் கை கொடுப்பது பெருமை. அதுவே நிரந்தர ஏற்பாடானால், ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையைப் படித்த பெண்ணிடம் மலிவாக வாங்குவதாகிவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. அறிவொளி தாயைத் தேடிப் போனது. இல்லம் தேடிக் கல்வி பிள்ளையைத் தேடிப் போனது. இருவரும் இருப்பது ஒரே வீட்டில். குழந்தைக்குப் படித்துக் காட்டுவதற்காகத் தாய் கதைப்புத்தகத்தைக் கையில் எடுத்தால், அவர் கற்ற எழுத்து மறக்காது. குழந்தைக்கோ பள்ளிக்கு முன்பே புத்தகம் பழகிவிடும். பகலில் இயங்கும் அங்கன்வாடிக் கட்டடம் மாலையில் ஓய்ந்துதான் இருக்கிறது. ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, நியாயமான ஊதியத்தில் ஒருவரை அமர்த்தி, தாயையும் பிள்ளையையும் ஒரே பாயில் உட்கார வைக்க அரசால் முடியும்.

தேரை இழுக்க ஊர் இரண்டு முறை வந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டாலும் வரும். இழுத்த தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அரசின் கடமை. அதற்கு ஆண்டுதோறும் நிதியும், முழுநேர ஆளும், திறந்த கதவும் வேண்டும்.