எழுத்தின் சாவி யாரிடம்?

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற எழுத்துக் குவியலாய்த் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். ஆகவே, எழுதுவதற்கான மென்பொருள் எதுவாயினும், அதில் எழுதியது நாளையும் திறக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

2010-இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது. அது இலவசம் என்பது சிறிய சிறப்பே. அதன் ‘ரைட்டர்’ பயன்படுத்தும் ஓ.டி.டி. கோப்பு வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தரமாக உள்ளது. அதன் விதிகளை எவரும் படிக்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: கோப்பின் நகலை எடுத்து, பெயரின் இறுதியை ‘ஜிப்’ என மாற்றி விரியுங்கள். உள்ளே உங்கள் சொற்கள் அப்படியே இருக்கும். ரைட்டர் மறைந்தாலும் கட்டுரை மறையாது.

குறையும் உண்டு. இதன் பிழைதிருத்தியான ஹன்ஸ்பெல், தமிழைப்போலவே விகுதிகளை அடுக்கும் ஹங்கேரிய மொழிக்காக உருவானது. ஆயினும் தமிழ்ச் சொற்பட்டியலும் விகுதி விதிகளும் விரிவாக இல்லையேல், ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற சரியான சொல்லின் கீழும் சிவப்புக் கோடு விழும். அப்பட்டியலும் திறந்தே இருக்கிறது. இலக்கணம் கற்ற மாணவரும் நிரல் கற்ற மாணவரும் கைகோத்தால் அதைத் திருத்தலாம். அவர்களுள் ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாதா?