ஏரிக்கரை விருந்தும் இனிக்கும் பிராந்தியும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சப்பர் கிளப் எனும் இரவு உணவகத்துக்குள் நுழைபவரை யாரும் நேரே சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போவதில்லை. முதலில் பார். கையில் பிராந்தி ஓல்டு ஃபேஷன்ட் என்ற காக்டெயில் வந்துவிடும். பல இடங்களில் மெனு அட்டையும் அங்கேயே வரும்; சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, மேசை தயாரானதும் எழுந்து போனால் போதும். பெயரில்தான் கிளப், சந்தாவும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. நம் ஊரின் பழைய காபி கிளப்புகளைப் போல.

1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு நீங்கியதும், ஏரிக்கரைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் இவை பெருகின. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும். வெள்ளிக்கிழமை பொரித்த மீன். சனிக்கிழமை பிரைம் ரிப் எனும் மாட்டு விலா இறைச்சி. கேரட், செலரி, முள்ளங்கி, ஊறவைத்த வெள்ளரி, பாலாடைக்கட்டி அடுக்கிய ரெலிஷ் தட்டு முன்கூட்டியே மேசைக்கு வரும். கடைசியில் ஐஸ்கிரீமில் புதினா மது கலந்த கிராஸ்ஹாப்பர்.

இந்த வழக்கத்தின் உண்மையான பலம் அவசரமின்மை. ஒரு மேசையில் இரவில் எத்தனை பேரை மாற்றி மாற்றி உட்காரவைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது நகரத்து உணவகம். இங்கே மாலை முழுவதும் விருந்தாளிக்குச் சொந்தம். சூப், சாலட், உருளைக்கிழங்கு எல்லாம் முக்கிய உணவின் விலைக்குள் அடக்கம் என்பதால் பில்லைப் பார்த்துப் பதற வேண்டியதும் இல்லை.

பானத்தைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் எனும் கசப்புச் சாறு என்ற கூட்டைத்தான் 1806இல் ஒரு நியூயார்க் மாநிலப் பத்திரிகை காக்டெயில் என்று விளக்கியது. விஸ்கி ஊற்றிய அதன் எளிய வடிவமே மற்ற ஊர்களின் ஓல்டு ஃபேஷன்ட். விஸ்கான்சினில் ஆரஞ்சுத் துண்டையும் செர்ரியையும் சர்க்கரை, பிட்டர்ஸோடு நசுக்கி, பிராந்தி ஊற்றி, மேலே செவன் அப் நிரப்புகிறார்கள். அந்த இனிப்பில் பிராந்தியின் மணம் முக்கால்வாசி அமுங்கிப்போகிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

ஏன் பிராந்தி? 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் கோர்பெல் சகோதரர்கள் தங்கள் தயாரிப்பாகத் தந்த பிராந்தியை ருசித்த விஸ்கான்சின்காரர்கள் அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பிரபலமான கதை. இரண்டாம் உலகப் போரை ஒட்டி நல்ல விஸ்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்தது பிராந்திதான் என்பது இன்னொரு விளக்கம். கண்காட்சிக் கதையில் கவர்ச்சி அதிகம். தட்டுப்பாட்டுக் கதையே நம்பும்படி இருக்கிறது.

கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்த்ததால் வேரூன்றியது மீன் விருந்து. அதிலும் நினைவு ஒன்று, நிஜம் ஒன்று. மிச்சிகன் ஏரியில் விருந்துக்கு உகந்த பெர்ச் மீனின் வளம் சரிந்ததால், கிரீன் பே விரிகுடா தவிர்த்த தன் பகுதியில் வணிகரீதியாக அதைப் பிடிப்பதை 1996இல் விஸ்கான்சின் நிறுத்திவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தாலும் தட்டில் இருப்பது அந்த ஏரி மீனாக இருக்க வேண்டியதில்லை.

பெரிய குறை சாலையில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, பேருந்து எட்டாத இடத்தில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மது பரிமாறும் ஏற்பாடு இது. திரும்பிப் போகக் கார்தான் வழி. முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுவதைக் குற்றவழக்காக அல்லாமல், பொதுவாக அபராதத்துக்குரிய விதிமீறலாக மட்டும் கருதும் ஒரே அமெரிக்க மாநிலமும் விஸ்கான்சின்தான். சப்பர் கிளப் ஏக்கக் கட்டுரைகள் மர உத்தரங்களையும் மங்கலான விளக்குகளையும் வர்ணித்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்காமலே முடிந்துவிடுகின்றன.

ஏக்கம் எதைத் தூக்கிச் செல்லும், எதை விட்டுவிடும் என்பதற்கு டர்க்ஸ் இன் நல்ல சான்று. ஹேவர்டு என்ற சிற்றூரில் ஆர்மீனியர் ஒருவரின் குடும்பம் 1934இல் தொடங்கிய சப்பர் கிளப் அது. பின்னாளில் அதைக் கட்டிக்காத்த மகளின் மரணத்தோடு 2013இல் மூடப்பட்டது. ஏலத்தில் அதன் அலங்காரப் பொருள்களை வாங்கிய இரு நண்பர்கள் 2019இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அதே பெயரில் ஒரு கடை திறந்தார்கள். விளக்குகளும் படங்களும் லாரியேறிப் போயின. வாசலில் நின்று வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்ற குடும்பம் ஏலப்பட்டியலில் இல்லை. தலைமுறை தாண்டி வார இறுதிகளைக் கொடுத்து நடத்திய உழைப்பு அந்த வரவேற்பு. மற்ற கிளப் குடும்பங்களில் பிள்ளைகள் அதைத் தொடர விரும்பாவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மேடிசன் நகரில் பழைய ரயில் நிலையம் ஒன்றில் 2021இல் திறந்த ஹார்வி ஹவுஸ் உணவகம் வேறு வழியில் போகிறது. சப்பர் கிளப் வழக்கத்தை நகரத்து நேர்த்தியோடு மறுபடி செய்து பார்க்கும் இடம் அது. நகர மையத்தில் இருப்பதால் குடித்தவர் நடந்தோ பேருந்திலோ வீடு போகலாம். சாலைப் பிரச்சினைக்கு இதுவரை கிடைத்த விடைகளில் உருப்படியானது. ஆனால் உயர்தர உணவகத்தின் விலையில் ரெலிஷ் தட்டு வரும்போது, வெள்ளிதோறும் பிள்ளைகுட்டியோடு கிளப்புக்குப் போய்வந்த பால்பண்ணைக் குடும்பம் அங்கே எத்தனை வாரம் கட்டுப்படியாகி உட்காரும் என்பது சந்தேகமே.