ஓர் ஊரும் அதன் தெருக்களும்

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் செல்லும்போது சன்னல் வழியே கவனித்துப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே வீடுகள் நெருக்கமாகத் திரண்டு நிற்கும். சற்றுத் தள்ளி, வயலுக்கு அப்பால், இன்னொரு திரள் தென்படும். முன்னது நத்தம், பின்னது சேரி. டெல்டாச் சமவெளியில் நீர் தேங்காத மேடு அருமை. ஆகவே மக்கள் நெருங்கிக் குடியேறினர் எனலாம். ஆனால் ஊர் ஏன் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்பதற்கு நீரும் மண்ணும் விடை கூறா.

இந்தப் பிரிவு மிகப் பழையது. 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயிலின் கல்வெட்டுகள் சோழநாட்டு ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பனவும் தனித்தனியே வருகின்றன.

இத்தகைய ஓர் ஊரைப் பற்றியதே சமூகவியலறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1965-இல் வெளியிட்ட ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்னும் ஆங்கில நூல். தஞ்சைப் பகுதிக் கிராமம் ஒன்றில் 1961-62-இல் தங்கி ஆராய்ந்து, அதற்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் இட்டார். அக்கிரகாரம், குடியானவர் தெருக்கள், சேரி என ஊர் மூன்றாக இருந்தது. முன்பு சாதி உயர்வும் நிலமும் அதிகாரமும் ஒரே தெருவில் குவிந்திருந்தன. பிராமணர் பலர் நிலத்தை விற்று நகரத்து வேலைக்குப் போயினர். ஊரதிகாரம் பிராமணரல்லாதார் கைக்கு வந்தது. மூன்றும் பிரியத் தொடங்கியதை ஆசிரியர் தெளிவாக நிறுவுகிறார். நூலின் பெருமை இதுவே.

குறை எங்கே? ஆசிரியர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் மற்ற தெருக்களில், குறிப்பாகச் சேரியில், தாராளமாகப் பழக முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நேர்மையான வாக்குமூலம்தான். ஆயினும் விளைவைப் பாருங்கள்: ஆராய வந்தவரையே ஊரின் அமைப்பு ஒரு தெருவில் நிறுத்திவிட்டது! அதிகாரம் தெரு மாறியதை விரிவாகச் சொல்லும் நூலில் சேரியின் குரல் மெலிந்தே கேட்கிறது. நூல் வந்த மூன்றாம் ஆண்டில், 1968 டிசம்பர் 25 அன்று, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் கூலித் தகராற்றைத் தொடர்ந்து குடிசையொன்றில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஸ்ரீபுரம் கீழத்தஞ்சை அன்று என்பது உண்மையே. இருப்பினும் சேரியில் இருந்து எழுதியிருந்தால் நூலின் எடை வேறு பக்கம் சாய்ந்திருக்கும் என்பது என் கருத்து.

அதிகாரம் நகர்ந்தது, நிலமும் ஓரளவு கைமாறியது. தெருக்கள்? 1971-இன் குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த வேளாண் தொழிலாளருக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. ‘வெளியேறு’ என்ற மிரட்டலுக்கு அது முடிவு கட்டியது, பெரிய காரியம். ஆனால் உரிமை கிடைத்தது இருந்த இடத்திலேதான். வயலுக்கு அப்பாலிருந்த சேரி அங்கேயே பட்டாவும் பெற்றது.

உங்கள் ஊரின் படத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பள்ளி, நியாயவிலைக் கடை, மேல்நிலைத் தொட்டி, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெருவிலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், மழைக்காலத்தில் எந்த வழி மூழ்குகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு இந்நூலை எடுங்கள். ஊரின் அமைப்பைக் கூறும் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குவது எளிது.